பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

ஓடி ஓய்ந்த வண்டியைப் பார்த்தால் எங்கள் மதுரையில் "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்பார்கள். தள்ளுவண்டியில் வந்து பழைய இரும்பை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கை பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் தெருவில் இருந்த காலத்துச் சொல் அது. ஆட்கள் போய்விட்டார்கள், கேலி மட்டும் தங்கிவிட்டது. ஒரு வண்டியை எப்போது பேரீச்சம்பழத்துக்குப் போடுவது, அதை யார் முடிவுசெய்வது என்பதில்தான் இன்று கார் கம்பெனிகளும் அரசாங்கங்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. நீடித்த வளர்ச்சி, பசுமைப் புதுமை என்று பெரிய பெரிய பெயரெல்லாம் அதற்கு உண்டு.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது எங்கள் தெரு டிராவல்ஸ் டிரைவர் ஒருவரால். பழங்காநத்தம் டீக்கடையில் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "அண்ணே, கரண்டு கார் எடுக்கலாம்னு பாக்குறேன். பேட்டரிக்குத் தனியா, ஓடுற கிலோமீட்டருக்குக் காசு கட்டுனாப் போதும்கிறாங்க. கணக்கு சரியா வருமா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் பேட்டரியைவிட முக்கியமான ஒன்று பிடிபட்டது. காருக்குள் என்ன எஞ்சின் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் காரைச் செய்தவருக்கு எந்த இடத்தில் காசு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. வண்டியின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது.

புதுக் கார் விற்பதில் காசு பார்க்கும் முறை இயற்கையாக முளைத்ததில்லை, கட்டி எழுப்பப்பட்டது. 1913-ல் ஹென்றி ஃபோர்டு, வண்டி நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகம் பூட்டும் 'நகரும் வரிசை'யில் கார் செய்ய ஆரம்பித்தார். சீக்கிரமே மரச்சட்டம் போய், முழுக்க இரும்புத் தகட்டால் ஆன பாடி வந்தது. தகட்டைக் கதவாகவும் கூரையாகவும் அழுத்தி எடுக்கும் ராட்சச பிரஸ்கள், அவற்றுக்கான அச்சுகள், வெல்டிங் வரிசை, பெயின்ட் கூடம் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். ஒரே அச்சில் லட்சக்கணக்கான தகடு அடித்தால்தான் போட்ட காசு திரும்பும். ஆக, ஊருக்கு எத்தனை கார் தேவை என்பதை ஊர் சொல்லவில்லை. அச்சின் விலை சொன்னது.

இவ்வளவு செய்துவிட்டால் யார் வாங்குவது? அதற்கும் வழி கண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் தவணைக் கடனுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. 1920-களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் வருடா வருடம் மாடலை மாற்றும் பழக்கம் வேரூன்றியது. போன வருடத்துக் கார் கெட்டுப்போக வேண்டியதில்லை, பழசாகத் தெரிந்தால் போதும். பழையதைக் கொடுத்துப் புதுசு எடுக்கலாம், மிச்சத்துக்குக் கடன். இன்றைக்கு பைபாஸ் ரோட்டு ஷோரூம்களில் பலூன் கட்டி நடப்பதெல்லாம் அந்த நூறு வருடத்து ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

அதே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் தென்னாட்டில் விற்றவர்களில் முக்கியமானவர்கள் மதுரைக்காரர்கள். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தார்தான் அவர்கள். விற்பனை அவர்கள் தொழிலில் ஒரு பாதி. தொடக்கமே பஸ்தான், 1912-ல் அந்த பஸ் சேவை ஆரம்பமானது. கார் விற்பவருக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் காசு வரும் இடம் வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விற்பவருக்கு வண்டி கையைவிட்டுப் போன அன்று லாபம். பஸ் முதலாளிக்கு வண்டி ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு நாளும் லாபம், பட்டறையில் நின்றால் நட்டம். அவருக்கு டயர் பத்தாயிரம் மைல் கூடுதலாக உழைக்க வேண்டும், தேய்ந்த எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து மறுபடி ஓட்ட முடிய வேண்டும், உதிரிபாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில் தொடங்கிய ஒரு வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப், உதிரிபாகக் கடை, ரப்பர் தொழிற்சாலை என்று கிளை பிரிந்தது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரின்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பெட்ரோலுக்கு ஏற்கெனவே ரேஷன். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்ஸை நிறுத்தினால் பிழைப்பு நின்றுவிடும். அப்போது சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றது. வண்டியோடு இணைத்த ஒரு இரும்பு உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு, போதாத காற்றில் புகைய விட்டால், முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் இல்லாமல் ஓடும். 'கரி பஸ்' என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கலாம். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும், மேட்டில் மூச்சு வாங்கும், வடிகட்டியை ஓயாமல் சுத்தம் செய்ய வேண்டும், மூடிய கொட்டகையில் வைத்து மூட்டினால் ஆளையே கொல்லும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் கரி மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இதைப் 'பசுமைப் புதுமை' என்று இன்று சிலர் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. காட்டை வெட்டி மூட்டம் போட்டு எடுத்த கரி அது, புகையும் குறைவில்லை. நான் அதில் பார்ப்பது வேறு. வண்டியை ஓட்டிப் பிழைப்பவருக்கு நெருக்கடி வந்தபோது, வேறு வண்டி வாங்கச் சொல்லவில்லை; இருக்கிற வண்டியையே வேறு எரிபொருளுக்கு மாற்றும் யோசனை பிறந்தது. விற்றுப் பிழைப்பவருக்கு அந்த யோசனை அவ்வளவு சுலபமாகப் பிறக்காது.

1972-ல் இந்தப் பகுதியின் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. முதலாளி மாறினாலும் பஸ்ஸின் கணக்கு மாறவில்லை. பஸ்ஸுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. காரின் பாடியும் சட்டமும் ஒரே உருவாக ஒட்டிப் பிறக்கின்றன. பஸ்ஸுக்குச் சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தை ஒரு இடத்தில் வாங்கி, பாடியை இன்னொரு இடத்தில் கட்டுவார்கள். கரூரில் போய்ப் பார்த்தால் தெரியும்: பெரிய பிரஸ் எதுவும் கிடையாது. குழாய், தகடு, வெல்டிங், ரிவெட். பத்து வண்டி ஆர்டர் வந்தாலும் கட்டித்தருவார்கள். அதனால்தான் பாடி தளர்ந்த பஸ்ஸுக்கு, சேஸிஸ் நன்றாக இருந்தால், புதுப் பாடி போட முடிகிறது. 2023-24 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 1,000 புதுப் பேருந்துகளோடு 500 பழைய பேருந்துகளைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மஞ்சள் பெயின்ட் அடித்து வெளியே வந்த முதல் 100 பஸ்கள் அப்படிப் புதுப்பித்த பழைய பஸ்கள்தான். மாட்டுத்தாவணியில் அவற்றில் ஏறுகிறவர்கள் 'புது பஸ்' என்றுதான் நினைத்து ஏறினார்கள். சட்டம் பழசு, சட்டை புதுசு.

மறுபக்கம் இன்னொரு விதியும் இருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்கிறார்கள். தனியார் கார் என்றால் 20 ஆண்டுக்குப் பிறகு சோதனையில் தேறினால் ஓடலாம். புகை குறையும் என்பது நியாயம்தான், பழைய டீசல் எஞ்சின் நகரத்துக்கு ஆகாது. எஞ்சின் ஆகாது என்பதற்காக அடிச்சட்டம், சக்கர அச்சு, இருக்கை அத்தனையும் காயலான் கடைக்குப் போக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அரசு வண்டிக்கான விதியில் அதற்கு இடமில்லை.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மதுரைக்கும் டயருக்கும் உறவு நெருக்கம். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இரண்டு சக்கர வண்டிக்கு டயர் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. புது டயர் ஆலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ரீட்ரெடிங் பட்டறை கண்ணுக்குத் தெரியாது, பைபாஸ் ஓரத்தில் கறுப்புத் தூசி படிந்த ஷெட் அவ்வளவுதான். லாரி டிரைவர்கள் 'ரீசோல்' என்பார்கள், செருப்புக்கு அடி மாற்றுவது மாதிரி. 'பட்டன்' எனும் மேல் வரிப்பள்ளம் தேய்ந்த மொட்டை டயர் வரும். அனுபவசாலி ஒருவர் அதை விரித்து, உள்ளே கைவிட்டுத் தடவி, கம்பி அறுந்திருக்கிறதா, ஓரம் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார். தேறியதைச் சுழலவிட்டு மேல் ரப்பரைச் சீவுவார்கள். ஆணி குத்திய இடத்தை நோண்டி அடைப்பார்கள். அதன்மேல் ஒட்டு ரப்பர், அதன்மேல் பட்டன் பதித்த புதுப் பட்டை. உறை போட்டு, அறைக்குள் ஏற்றி, வெப்பத்திலும் காற்றழுத்தத்திலும் சில மணிநேரம் வேகவைத்தால் டயர் மறுபிறவி எடுத்துவிடும். தேய்வது மேல்பட்டை மட்டுமே. எடையில் பெரும்பகுதி 'கேசிங்' எனும் உள்கூட்டில் இருக்கிறது. ஒரு புது லாரி டயர் செய்யச் சுமார் 80 லிட்டர் எண்ணெய் செலவாகிறது, ரீட்ரெடுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: முதல் டயரையே இரண்டாவது பிறவியை மனதில் வைத்துச் செய்திருக்க வேண்டும். கேசிங் திடமாக இருந்தால் விலை கூடும். மலிவு விலைச் சீன லாரி டயர்கள் வந்து குவிந்தபோது புது டயரின் விலை ரீட்ரெட் விலைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அவற்றில் பல, ஒரு ஓட்டத்தோடு முடிந்துபோகும் சரக்கு. 2017-ல் இந்தியா அவற்றின்மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. 2022-ல், ஓய்ந்த டயருக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற விதியும் வந்தது. ஒரு ஷெட்டில் நடக்கும் சாதாரண வேலைகூட வரியையும் விதியையும் நம்பித்தான் பிழைக்கிறது.

இதே டயரில்தான் மிஷ்லின் நிறுவனம் 2000-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஐரோப்பிய லாரி நிறுவனங்களுக்கு டயரை விற்பதற்குப் பதில், ஓடிய கிலோமீட்டருக்குக் காசு வாங்கிக்கொள்ளும் சேவை. டயர் மிஷ்லினுடையது, காற்றுப் பார்ப்பது, மாற்றுவது, ரீட்ரெட் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இப்போது டயர் சீக்கிரம் தேய்ந்தால் நட்டம் செய்தவருக்கே. ரப்பர் அதே ரப்பர்தான், காசு வரும் இடம் மாறியதும் அக்கறையும் இடம் மாறிவிட்டது. ரெனோ கார் நிறுவனம் பாரிஸ் அருகே ஷுவாசி-லெ-ருவாவில் 1949 முதலே பழைய எஞ்சின், கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுசாக்கி விற்றுவந்தது. 2020-ல் ஃப்ளான் ஆலையைப் பழைய கார்களைச் சீரமைக்கும், உதிரிகளை மீட்கும் கூடமாக மாற்றப்போவதாக அறிவித்தது. நம் ஊர் லேத் பட்டறையும் டிங்கரிங் ஷெட்டும் காலங்காலமாகச் செய்யும் வேலை, அங்கே கம்பெனிச் சின்னத்தோடு நடக்கிறது.

உடனே 'ஆஹா, வாடகைக்கு விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்பிவிடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் இ.வி.1 என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. விலைக்குக் கொடுக்கவில்லை, குத்தகைக்கு மட்டும். ஓட்டியவர்களுக்குப் பிடித்திருந்தது, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பலர் கேட்டும் பார்த்தார்கள். கம்பெனி வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. பாரிஸ் நகரத்து வாடகைக் கார் சேவையான ஆட்டோலிப், 2011-ல் தெருவோரத்தில் நிறுத்தி வைத்து யாரும் எடுத்து ஓட்டலாம் என்று மின்சாரக் கார்களை விட்டது. கடன் ஏறி 2018-ல் மூடிவிட்டார்கள். பொது வண்டியை யாரும் தன் வண்டியாகப் பார்க்கவில்லை, குப்பையும் கீறலும் மிச்சம். நம்மூரில் ஷேர் ஆட்டோ ஏன் பிழைக்கிறது என்றால், அதில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது சோறு.

வியாபார முறையை மாற்றுவதும் ஒரு கண்டுபிடிப்புதான் என்பதற்கு மதுரைக்காரர்கள் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை, அண்ணாநகர் போனால் போதும். 1976-ல், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைசிகிச்சையைத் தொழிற்சாலை வரிசைபோல் அமைத்தது. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபோர்டு ஆலையின் வரிசை ஹாம்பர்கர் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரு மேசையில் சிகிச்சை நடக்க, அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் காசில் முடியாதவருக்கும் பார்வை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். கத்தி எல்லோரிடமும் இருந்த கத்திதான்.

இனி டிரைவரின் கணக்கு. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் என்ற மின்சாரக் கார் 9.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில், பேட்டரி இல்லாமல், அறிமுகமானது. பேட்டரிக்கு அப்போது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றார்கள். பிறகு பேட்டரியோடு சேர்த்த விலை 13.50 லட்சத்தில் தொடங்குவதாகச் சொன்னார்கள். வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை லட்சம். மூன்றரை லட்சத்தை மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். வட்டியை விட்டுப் பார்த்தால், அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம், அதற்கு மேல் ஓட்டுபவருக்குப் பேட்டரியோடு சேர்த்து வாங்குவது லாபம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் காருக்கு மாதம் 2,800 ரூபாய். அந்த ஒரு லட்சத்தைத் தொடப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். பேட்டரி கெட்டுவிடுமோ என்ற பயமும் அந்த வீட்டுக்குப் பாதி குறையும்.

கேட்பதற்கு மிஷ்லின் கதை மாதிரி இருக்கிறது, முழுக்க அப்படியில்லை. கிலோமீட்டர் கணக்கு என்று பெயர் இருந்தாலும் பின்னால் கடன் நிறுவனம் நிற்கிறது. மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டராவது கணக்கில் வந்தாக வேண்டும் என்று சிலர் நிபந்தனை போடுகிறார்கள். என் பார்வையில் அது ஸ்லோன் காலத்துத் தவணைக்கும் புதுக் காலத்து வாடகைக்கும் இடைப்பட்ட பிறவி. பேட்டரியைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டு, காரில் தளர்ந்த பிறகு எடுத்து வீட்டு சோலாருக்குச் சேமிப்புப் பெட்டியாகக் கொடுத்து இரண்டாவது காசு பார்க்கிற கம்பெனி வரும்போது கணக்கு நிஜமாகவே மாறும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் செய்தவரைப் பொறுப்பாக்கியிருக்கின்றன. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சோலார் மின்சாரம் பகலில் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. பகலில் வரும் மின்சாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளப் பெட்டி தேவை.

மின்சாரக் கார் வந்தால் சிரமம் பட்டறைகளுக்கு. ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் இல்லை, இன்ஜெக்டர் இல்லை, சைலன்சர் இல்லை. மிச்சமிருப்பது டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஏசி. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைக் கம்பெனி பூட்டிவைத்தால் அதுவும் கை நழுவும். வெளிப் பட்டறைக்கு மென்பொருளும் உதிரியும் கிடைக்க வேண்டும் என்ற பழுதுபார்க்கும் உரிமைப் பேச்சு இந்தியாவில் 2022-ல் அரசு மட்டத்துக்கு வந்தது. பட்டறை உயிரோடு இருந்தால்தான் பத்து வயதுக் கார் ஓடும். பட்டறை செத்தால் மின்சாரக் காரும் பேரீச்சம்பழத்துக்குப் போக வேண்டியதுதான், எத்தனை பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாலும்.

இரண்டு வாரம் கழித்து அதே டீக்கடையில் டிரைவரிடம் காகிதத்தை விரித்தேன். அவர் மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவர். கிலோமீட்டருக்கு மூன்றரை என்றால் மாதம் 17,500 ரூபாய் பேட்டரிக்கு மட்டும். இருபதே மாதத்தில் அந்த ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுவிடும்; அதன் பிறகும் மீட்டர் நிற்காது. அதே மூன்றரை லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் மாதம் 7,500 ரூபாய்க்குள் முடியும். சார்ஜுக்கு மாதம் 700, 800 யூனிட் தனி. வீட்டில் போட்டால் ஒரு விலை, ஹைவே ஸ்டேஷனில் போட்டால் அதைவிட நல்ல கூடுதல். டீசலுக்கு இப்போது அவர் இருபத்தைந்தாயிரம் கொட்டுகிறார், ஆகவே மின்சாரம் கட்டுப்படியாகும். வாடகைப் பேட்டரிதான் கட்டாது.

அவர் காகிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வண்டி சும்மா நின்னாத்தான் இதுல லாபமாண்ணே?"

"சும்மா நிக்கிற வண்டிக்காகப் போட்ட கணக்குதான் தம்பி இது."

"நமக்கு நின்னா ஆகுமா?" என்று சிரித்துவிட்டு டீ கிளாஸை வைத்தார். விடியற்காலை நாலு மணிக்கு ராமேஸ்வரம் டிரிப். கிளம்பும் முன் குனிந்து, பின் டயரில் கட்டைவிரலை வைத்து, பட்டன் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அழுத்திப் பார்த்துக்கொண்டார்.